வாத்தியாரும் நீயே, பையனும் நீயே

மாப்ளே, நீ வந்துட்டுப் போனதுலருந்து உங்க அத்தை என்னையத் தூங்க விடல. "அந்தப் பய நீந்தப் போறானா, சைக்கிள் மிதிக்கப் போறானா, ஓடப் போறானா? ஏதாச்சும் ஒண்ணச் சொல்லச் சொல்லுங்க" அப்படிங்கிறா. மூணும்தான்டி, அதுவும் ஒரே நாள்ல, ஒண்ணு முடிஞ்ச கையோட இன்னொண்ணுன்னேன். "ஏன், கோவாவுல பஸ்ஸு ஓடலையாமா?"ன்னு கேக்கிறா. கேள்வியில தப்பு இருக்கா, நீயே சொல்லு.

1.9 கிலோமீட்டர் கடல்ல நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மைல் கணக்குல கூட்டுனா 70.3 வருது. அந்தக் கூட்டுத்தொகையவே போட்டிக்குப் பேரா வச்சிட்டாக, அயர்ன்மேன் 70.3-ன்னு. அம்புட்டையும் எட்டரை மணி நேரத்துல முடிக்கணும். 2019-ல கோவா மிராமார் கடற்கரையில ஆரம்பிச்சாக, அதுல நீ கலந்துக்கப் போற. சந்தோசம்தான், எனக்கு அதுல ஒரு வருத்தமும் கிடையாது. திண்ணையில உக்காந்து இன்னொண்ணு சொன்ன பாரு, அதுதான் என்னைய யோசிக்க வச்சிருச்சு. "கோச்சுக்கு மாசாமாசம் காசு அழ முடியாது மாமா, நானே எனக்கு கோச்."

நல்ல யோசனை. சம்பளம் மிச்சம். வாத்தியார் லீவு போட்டா பையனுக்கு உடனே தெரிஞ்சிரும், பையன் மட்டம் போட்டா வாத்தியாருக்குத் தெரிஞ்சிரும். ரெண்டு பேரும் சமாதானமாப் போயி சினிமாக் கொட்டகையில உக்காந்துக்கலாம். நான் விசில் ஊதியே பென்சன் வாங்குனவன். டிரில் பீரியடு வந்தா எவனுக்கு வயித்த வலி வரும், எவன் வேப்பமரத்துக்குப் பின்னால ஒரு சுத்து பதுங்கி நின்னுட்டு அடுத்த சுத்துல கும்பலோட கலந்து மூச்சு வாங்குவான், எல்லாம் எனக்கு அத்துபடி. பையன்னா வாத்தியாரை ஏமாத்தத்தான் செய்வான். அதைக் கண்டுபிடிக்கத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்துச்சு. உன் விசயத்துல ரெண்டு பேரும் ஒரே பனியனுக்குள்ள இருக்கீகளே, யாரு யாரைப் பிடிக்கிறது?

அதனால இனிமே நீ எந்தச் சாமானைப் பத்திப் பேசுனாலும் விலையை என்கிட்டச் சொல்லாத. அந்தச் சாமான் பையனைக் காட்டிக் கொடுக்குமா, இல்ல பையனோட சேந்துக்கிட்டு வாத்தியார் கண்ணுல மண்ணைத் தூவுமா, அதை மட்டும் சொல்லு.

நீ போன்ல காட்டுன கார்பன் சக்கரத்தை எடுத்துக்க. காத்தைக் கிழிக்குமாம். தாராளமாக் கிழிக்கட்டும். ஆனா சைக்கிள்ல போறப்ப காத்து தடுக்கிறதுல பெரும்பங்கு ஓட்டுறவன் உடம்பாலதான், சைக்கிளால கொஞ்சம்தான். அந்த உடம்பைச் சீட்டுல எந்த உயரத்துல உக்கார வைக்கணும், கைப்பிடி எம்புட்டு தூரத்துல இருக்கணும்னு வெவரம் தெரிஞ்ச ஆளுகிட்டப் போயி ஒருக்கா அளந்து வச்சிட்டா, சக்கரம் கொடுக்கிறதை விடக் கூடக் கொடுக்கும். முட்டி வலியும் மிச்சம். அதுக்குச் சக்கரத்து விலையில ஒரு ஓரம் போதும். ஆனா அளந்து வச்ச சீட்டை போட்டோ எடுத்துப் போட்டா யாரு பாப்பா? சக்கரம்னா நாலு பேரு "ப்ரோ, வேற லெவல்"னு சொல்லுவான்.

அப்புறம் அந்த ரப்பர் சட்டை. வெட்சூட்டு. தண்ணி 24.5 டிகிரிக்கு மேல இருந்தா அதைப் போட்டுக்கிட்டுப் பரிசுக்கு நீந்த முடியாதுன்னு விதியே இருக்கு. மழைக்காலம் முடியிற நேரத்துல கோவாக் கடல் வெதுவெதுன்னு கிடக்கும். ஐரோப்பாவுல குளிருல நடுங்குறவனுக்குத் தச்ச சட்டையை நீ வாங்கி, மெட்ராஸ்ல பீரோவுக்குள்ள தொங்க விட்டிருக்க. அந்துப்பூச்சி ரப்பரைத் தின்னாது, அந்த வரைக்கும் நீ புத்திசாலி.

இந்தச் சாமானெல்லாம் இல்லாமலேதான் இந்த ஆட்டமே தொடங்குச்சுன்னு உனக்குத் தெரியுமா? 1978 பிப்ரவரியில ஹவாய்ல, ஜான் காலின்ஸ்னு ஒரு அமெரிக்கக் கடற்படை அதிகாரியும் அவரு சம்சாரம் ஜூடியும் சேந்து முழு அயர்ன்மேனை முதல் தடவையா நடத்துனாக. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம். ஜெயிச்சா ஆயுசுக்கும் பீத்திக்கலாம், அதான் பரிசுன்னு சொன்னாக. 15 பேரு இறங்குனாக, 12 பேரு முடிச்சாக. முதல்ல வந்த கோர்டன் ஹாலர் டாக்சி ஓட்டிக்கிட்டிருந்தவரு, பன்னெண்டு மணி நேரத்துக்கு உள்ள வந்துட்டாரு. ரெண்டாவதா வந்த ஜான் டன்பாருக்கு ஓட்டத்துல தண்ணி தீந்து போச்சு. கூட வந்த சேக்காளிக பீரைக் கொடுத்துட்டாக. குடிச்சிட்டு அந்தாளு அங்கிட்டும் இங்கிட்டும் சாஞ்சுக்கிட்டே போயிச் சேந்தாரு.

இதைச் சொன்னா நீ உடனே "பாத்தீகளா மாமா, ஒண்ணுமே தேவையில்ல"ம்ப. அதுவும் பையன் புத்தி. அன்னைக்கு ஒவ்வொருத்தனுக்கும் தண்ணியோட பின்னாலயே வர்ற ஆளு இருந்தான், விழுந்தாத் தூக்குறதுக்கு. உனக்கு ஈசிஆர்ல காலையில நாலரை மணிக்கு யாரு இருக்கா?

சரி, சோலிக்கு வர்றேன். என் கழுத்துல தொங்குச்சே ஸ்டாப் வாட்ச்சு, அதை விட உத்தமமான வாத்தியார் கிடையாது. உன் கைக்கடிகாரத்துலயும் அது இருக்கு. தூக்கத்துக்கு மார்க்குப் போடுற பக்கத்துலருந்து கொஞ்சம் தள்ளிப் பாரு, தெரியும்.

நீச்சல்குளத்துக்குப் போ. நல்லாத் துடியா 400 மீட்டர் நீந்து, நேரத்தைக் குறி. ஆறப்போட்டு இளைப்பாறு. அப்புறம் 200 மீட்டர் அதே துடியில நீந்தி, அதையும் குறி. பெரிய நேரத்துலருந்து சின்ன நேரத்தைக் கழிச்சுப் பாதியாக்கு. 400-க்கு 10 நிமிசம், 200-க்கு 4 நிமிசம் 40 விநாடின்னு வை. கழிச்சா 5 நிமிசம் 20 விநாடி. பாதி, 2 நிமிசம் 40. ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கிற மாதிரி 100 மீட்டருக்கு உன் வேகம் அம்புட்டுத்தான். இதுக்கு சி.எஸ்.எஸ்.னு பேரு வச்சிருக்காக. இனி நீந்துற ஒவ்வொரு நாளும் அந்த வேகத்தை வச்சுத்தான் கணக்கு.

இப்ப பையன் எங்க நுழைவான்னு பாரு. 400-ஐ உயிரைக் கொடுத்து நீந்திட்டு, 200-ல சோம்பேறித்தனமா 4 நிமிசம் 55 விநாடி எடுத்துக்கிட்டான்னு வை. கழிச்சா 5 நிமிசம் 5 விநாடி. பாதி, 2 நிமிசம் 32½. மெதுவா நீந்துனதுக்கு ஏழரை விநாடி வேகம் கூடிப் போச்சு! கணக்கே அப்படித்தான் அமைஞ்சிருக்கு. சாயங்காலமே அந்த நம்பரை குரூப்புல போட்டு மாலை மரியாதை வாங்கிக்கலாம். ஆனா அடுத்த ஆறு வாரமும் அந்தப் பொய் வேகத்துல நீந்தச் சொல்லி அதே கணக்கு உன்னைய முட்டி போட வைக்கும். நான் இருந்தா ஒரு நாள் முட்டி போட வச்சிருப்பேன். கணக்கு நம்மள விடக் கொடுமைக்காரன்.

ஓட்டத்துக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. ஜோ ஃப்ரீல்னு ஒரு அமெரிக்க வாத்தியார் சொல்லிக் கொடுத்தது. தன்னந்தனியா 30 நிமிசம், போட்டியில ஓடுற மாதிரி ஓடு. பத்தாவது நிமிசத்துல கடிகாரத்துப் பொத்தானை அமுக்கு. கடைசி 20 நிமிசத்துச் சராசரி இதயத் துடிப்பு எம்புட்டோ, அதான் உன் எல்லைக் கோடு. எது லேசு, எது கடுசுன்னு அங்க இருந்துதான் பிரிக்கணும். உன் கடிகாரம் சும்மா வாங்குன அன்னைக்கே 220-லருந்து வயசைக் கழிச்சு உச்சத் துடிப்புன்னு ஒரு நம்பரை அதுவா எழுதி வச்சிருக்கும். அது ஊருக்குப் பொதுவா போட்ட கணக்கு. ஆளுக்கு ஆளு பத்துப் பன்னெண்டு துடிப்பு கூடவோ குறையவோ இருக்கும். ரேசன் கார்டுல போட்டிருக்கிற வயசை நம்புற நீ, இதை நம்ப மாட்டியா என்ன.

துடிப்பு எண்ண மட்டும் மணிக்கட்டை நம்பாத, நெஞ்சுல கட்டுற வாரை எடுத்துக் கட்டிக்க. மணிக்கட்டுக் கடிகாரம் பச்சை விளக்கை அடிச்சு ரத்த ஓட்டத்தைப் பாத்து ஊகிக்கிது. கை ஆடுனா, வேர்த்தா, வார் தளர்ந்தா அது பாட்டுக்கு ஒரு நம்பரைச் சொல்லும். நெஞ்சு வாரு இதயத்து மின்சாரத்தையே கேக்குது. நீ வாங்குன சாமான்லயே விலை குறைஞ்சதும், உன்னையக் காட்டிக் கொடுக்கிறதும் அதுதான். அதனாலதான் அதை அலமாரியில வச்சிருக்க.

சைக்கிளுக்குப் பவர் மீட்டர் வாங்கலாமான்னு கேட்ட. நல்ல சாமான்தான், நேர்மையானது. எதிர்க்காத்துல நீ எம்புட்டு முக்குற, பின்காத்துல எம்புட்டு ஏமாத்துறன்னு வாட்டு கணக்குல சொல்லிரும். 20 நிமிசம் உயிரைக் கொடுத்து மிதிச்சு, வந்த சராசரியில 95 சதவீதத்தை எடுத்துக்கிட்டா எஃப்.டி.பி. ஒரு மணி நேரம் தாங்குற பலம் சுமாரா அம்புட்டுன்னு அர்த்தம். கையில காசு இருந்தா வாங்கு. இல்லாட்டிப் போனா வருசம் ஒண்ணு நெஞ்சு வாரை வச்சே ஓட்டு, குடி முழுகிப் போகாது.

அடுத்தது கம்ப்யூட்டர் சமாசாரம். இங்கதான் காசே இல்லாம நிறையக் கிடைக்கிது, இங்கதான் ஏமாத்தும் நிறைய. ஸ்ட்ராவா ஒண்ணு இருக்கே, 2009-ல வந்தது. ஊருல எவன் எவன் எம்புட்டு ஓடுனான்னு காட்டும், கட்டைவிரலைத் தூக்கிப் பாராட்டலாம். அதுல நீ போடுற தலைப்பையெல்லாம் படிச்சேன். "ஈசி ரன்". துடிப்பைப் பாத்தா 172. கமெண்ட்டுல "மிருகம் ப்ரோ நீ"ன்னு எழுதியிருக்கான் ஒருத்தன். பையன் சேக்காளிகளோட சேந்துட்டான், வாத்தியார் வெளிய நிக்கிறாரு.

டிரெயினிங் பீக்ஸ்னு ஒண்ணு, அதே ஜோ ஃப்ரீல் மகனோட சேந்து 1999-ல தொடங்குனது. அதுல காசு கொடுத்துப் பாக்கிற கணக்கெல்லாம் இன்டர்வல்ஸ் டாட் ஐசியுங்கிற தளத்துல சும்மாவே கிடைக்கிது. (நீ போன்ல "ஐசியுல எல்லாம் ஏத்திட்டேன்"னதும் அத்தை முடியை அள்ளி முடிஞ்சுக்கிட்டு மெட்ராசுக்குக் கிளம்பிட்டா. அடுத்த தடவை நிதானமாச் சொல்லு.) கோல்டன் சீட்டான்னு இன்னொண்ணு, அதுவும் இலவசம், கம்ப்யூட்டர்ல போட்டுக்கிறது. பாக்கக் கொஞ்சம் பயமுறுத்தும்.

மூணுலயும் ஆட்டம் ஒண்ணுதான். எல்லைக் கோட்டுல ஒரு மணி நேரம் உழைச்சா 100 புள்ளி. கடைசி 42 நாள் புள்ளிகளோட சராசரியை உன் தாக்குப்பிடிக்கிற பலம்னு ஒரு கோடு போடும். கடைசி 7 நாளைக் களைப்புன்னு இன்னொரு கோடு. முதல் கோட்டுலருந்து ரெண்டாவதைக் கழிச்சா நீ தெளிவா இருக்கியா, துவண்டு கிடக்கியான்னு தெரியும். போட்டி நெருங்குறப்ப உழைப்பைக் குறைச்சா களைப்புக் கோடு வெரசா இறங்கும், பலக் கோடு பையத்தான் இறங்கும். அந்த இடைவெளியிலதான் போட்டிக்குப் போகணும். அருமையான ஏற்பாடு. ஆனா மாப்ளே, இம்புட்டுக்கும் அடியில கிடக்கிறது நீ சோம்பேறித்தனமா நீந்துனியே, அந்த 200 மீட்டர். அடியில ஒரு பொய்யை வச்சுட்டா மேல வர்ற கோடெல்லாம் அழகழகாப் பொய் சொல்லும், கலர் கலரா.

அதுக்குத்தான் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கச் சொல்றேன். சிரிக்காத. யாரும் பாக்காத இடத்துலதான் மனுசன் கொஞ்சம் உண்மை எழுதுவான். எந்திரிச்சதும் படுக்கையிலயே மணிக்கட்டைப் பிடிச்சு நாடியை எண்ணி எழுது. ராத்திரி எம்புட்டு நேரம் தூங்குன, எங்க வலிக்கிது, இன்னைக்குச் செஞ்சது உனக்கு எம்புட்டுக் கடுசாத் தோணுச்சு, எல்லாத்தையும் எழுது. குன்னர் போர்க்னு ஒரு சுவீடன்காரர் இதுக்கு ஒரு அளவுகோலே போட்டாரு, 6-லருந்து 20 வரைக்கும். ஏன் ஆறுல தொடங்குறாருன்னு கேளு. சும்மா இருக்கிறப்ப துடிப்பு 60, உச்சத்துல 200. தோணுற நம்பரைப் பத்தால பெருக்குனா ஏறக்குறைய துடிப்பு வந்துரும்னு கணக்கு. கருவியே இல்லாத கருவி. நாடி வழக்கத்தை விட ஏழெட்டுக் கூடியிருந்து, தூக்கமும் கெட்டு, நேத்துச் செஞ்ச லேசு வேலையே கடுசாத் தோணியிருந்தா அன்னைக்கு வாத்தியார் லீவு கொடுக்கணும். கொடுப்பியா? மாட்ட. ஓவர்டைம் வாங்குற மேஸ்திரி நீ.

சொந்தமா வாத்தியார் வேலை பாக்கிறவன் பெரும்பாலும் கெட்டுப் போறது சோம்பேறித்தனத்தால இல்ல. பயலுகளை விரட்டி வேலை வாங்குறதுதான் வாத்தியார்னு நீ நினைக்கிற. என் சர்வீசுல பாதி நேரம் நான் செஞ்சது "போதும்டா, உக்காருடா"ன்னு சொன்னதுதான். ஸ்டீஃபன் சைலர்னு ஒரு ஆராய்ச்சியாளரு பெரிய பெரிய துடுப்புக்காரன், பனிச்சறுக்குக்காரனையெல்லாம் பாத்துட்டுச் சொல்லியிருக்காரு, பத்துப் பயிற்சியில எட்டு லேசு, ரெண்டுதான் கடுசுன்னு. ஹவாய்ல ஆறு தடவை ஜெயிச்ச மார்க் ஆலன் துடிப்புக்கு ஒரு வரம்பு வச்சு, அதைத் தாண்டாம மெதுவா ஓடியே பலத்தை ஏத்துனவரு. லேசுன்னா எம்புட்டு லேசு? பக்கத்துல ஓடுறவன்கிட்ட உன் மேனேஜரைப் பத்தி மூச்சு வாங்காமப் புறணி பேச முடியணும். அதான் சோதனை. அதுக்கு ஒத்தைக் காசு செலவில்ல.

ஆனா ஞாயித்துக்கிழமை வந்தா ஈசிஆர்ல உன் கும்பல் கூடும். மாமல்லபுரம் வரைக்கும் பைய மிதிச்சிட்டு இட்லி தின்னுட்டு வரலாம்னு கிளம்புவீக. முட்டுக்காடு பாலத்துக்குள்ள எவனோ ஒருத்தன் முந்துவான். அம்புட்டுத்தான், லேசும் கிடையாது, கடுசும் கிடையாது, நடுவுல ஒரு அரைவேக்காடு. திங்கக்கிழமை ஆபீசுல தூங்கி விழ வேண்டியது. கும்பலோட போறதை விடச் சொல்லல, தனியாப் போறதை விட அது பத்திரம். முதல் ஆளு முந்துறப்ப கடைசி ஆளா வர்றதுக்கு வெக்கப்படாத, அம்புட்டுத்தான் கேக்கிறேன்.

சோத்து விசயத்துக்கு வர்றேன், இதுல எனக்குக் கொஞ்சம் ருசி உண்டு. மெட்ராஸ் சித்திரை வெயில்ல உனக்கு எம்புட்டு வேர்க்கும்னு எந்த ஆப்பும் சொல்லாது. தராசு சொல்லும். ஓடப் போறதுக்கு முன்ன துணி இல்லாம ஏறி நில்லு. ஒரு மணி நேரம் ஓடிட்டு வந்து, தொடைச்சிட்டு மறுபடி ஏறு. 70 கிலோ 68.8 ஆயிருந்து, நடுவுல அரை லிட்டர் குடிச்சிருந்தா, வேர்த்தது 1.7 லிட்டர். அம்புட்டையும் திருப்பி ஊத்த வயிறு இடம் கொடுக்காது. அதுக்காகத் தண்ணிப் பந்தல்லயெல்லாம் நின்னு நின்னு வேர்வைக்கு மேல குடிச்சா அது இன்னும் மோசம். ரத்தத்துல உப்பு நீர்த்துப் போயி, தலை சுத்தி, வாந்தி எடுத்து, புத்தி தடுமாறும். முத்துனா வலிப்பு வரும். தண்ணி அதிகமாக் குடிச்சே ஆஸ்பத்திரியில படுத்த ஓட்டக்காரங்க உண்டு. வெத்துத் தண்ணியவே ஊத்தாம மருந்துக் கடையில ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டு வாங்கிக் கரைச்சுக்க. உலக சுகாதார நிறுவனத்து அளவுன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்கு.

தின்னுறதுக்கு ஜெல்லுன்னு ஒரு பசையை வாங்கி வச்சிருக்க. ஒரு பாக்கெட்டுல 25 கிராம் பக்கம் மாவுச்சத்து, விலை நூறு ரூபாய்க்கு மேல. போட்டி ஓடுறப்ப மணிக்கு 60 கிராம் வேணும், பழகுன வயிறு 90 வரைக்கும் தாங்கும். குளுக்கோஸ் மட்டும் கொடுத்தா குடல் மணிக்கு 60 கிராம் பக்கம்தான் இழுக்கும். பிரக்டோசுக்கு வேற வாசல், அதனால ரெண்டையும் கலந்து கொடுத்தா ரெண்டு வாசல்லயும் கூட்டம் உள்ள போகும். இந்த ரெண்டையும் பாதிப் பாதியா வச்சுச் செஞ்ச ஒரு சாமான் உங்க அத்தை டப்பாவுல இருக்கு. சீனி. பாட்டில் தண்ணியில 60 கிராம் சீனி, உப்பு, அரை மூடி எலுமிச்சம்பழம். ஜெல்லு கம்பெனிக்காரன் என்னையத் தேடி வந்தா நான் ஊருல இல்லைன்னு சொல்லிரு.

கோவில்பட்டி கடலைமிட்டாய் கொண்டு போறேன்ன. புவிசார் குறியீடே வாங்குன மிட்டாய்தான், நம்ம பக்கத்துப் பெருமை, நான் இல்லங்கல. ஆனா கடலையில எண்ணெயும் புரதமும் இருக்கு, செரிக்க நேரமாகும். சைக்கிள்ல முதல் மணி நேரத்துல தின்னு, ஓட்டத்துல தின்னாத. வாழைப்பழம் ஒண்ணு, நல்லாப் பெரிசா இருந்தா 25 கிராம் பக்கம் கொடுக்கும். எதைத் தின்னாலும் பயிற்சியிலயே தின்னுப் பழகு. வயித்துக்கும் பயிற்சி உண்டு, அதுவும் மட்டம் போடும்.

நீச்சல்ல மட்டும் நான் வேடிக்கை பேச மாட்டேன். யூடியூப்புல நீ ஆயிரம் பேரு நீந்துறதைப் பாத்திருக்க, அதுல ஒருத்தன்கூட நீ நீந்துறதைப் பாத்ததில்ல. தலை தூக்குதா, கால் அமுங்குதான்னு நீந்துறவனுக்குத் தெரியாது. கரையில யாரையாச்சும் நிக்க வச்சு போன்ல படம் எடுத்துப் பாரு. பாத்து அழுது முடிச்சிட்டு, ஒரு நல்ல நீச்சல் வாத்தியார்கிட்டப் போயிக் காசைக் கட்டு. நானே கோச்சுங்கிற வீம்பை விட வேண்டிய ஒரே இடம் தண்ணிதான். உன் அபார்ட்மென்ட் குளத்துல பத்துத் தடவை கையைப் போட்டா சுவரு வந்துரும், உதைச்சுத் தள்ளிக்கலாம். கடல்ல சுவரு கிடையாது. நம்ம கிணத்துல சுரைக்குடுக்கையைக் கட்டி உன்னையத் தள்ளுனப்ப நான் மேல நின்னேன். மெட்ராஸ் கடல்ல இழுப்பு எங்க இருக்குன்னு மீனவருக்குத்தான் தெரியும். தனியா இறங்காத. வெவரமான கும்பலோட, இடுப்புல ஆரஞ்சு மிதவையைக் கட்டிக்கிட்டு இறங்கு. நீ வாங்காம விட்ட சாமான் அது ஒண்ணுதான்.

இன்னொண்ணு. அமெரிக்காவுல முப்பது வருசத்துக் கணக்கைப் பாத்திருக்காக. இந்தப் போட்டிகள்ல செத்தவங்க, இதயம் நின்னு போனவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு நீச்சல் கட்டத்துலதான். பெரும்பாலும் ஆம்பளைக, நடுவயசு. உனக்கு நாப்பது நெருங்குது, உங்க அப்பாவுக்குச் சக்கரையும் இருக்கு. கார்பன் சக்கரத்துக்கு முன்ன ஒரு இதய டாக்டரைப் பாத்து டிரெட்மில் சோதனை செஞ்சுக்க. நெஞ்சுல ஏதாச்சும் வித்தியாசமாத் தெரிஞ்சா நின்னுரு, கையைத் தூக்கு. படகு வரும்.

மத்ததெல்லாம் சில்லறை. ஹெல்மெட்டு வாரைப் பூட்டாம சைக்கிளை ஸ்டாண்டுலருந்து எடுக்கக் கூடாது, திரும்பி வந்து மாட்டுன பிறகுதான் அவுக்கணும். மறந்தா தண்டனை. முன்னால போற சைக்கிளுக்கும் உனக்கும் 12 மீட்டர் இடைவெளி, முந்துனா 25 விநாடிக்குள்ள முந்தி முடிக்கணும். காதுல பாட்டு கூடாது. இதையெல்லாம் போட்டிக்காரன் கொடுக்கிற விதிப் புத்தகத்துலயே எழுதியிருக்கான். இலவசமாக் கொடுக்கிறதால யாரும் படிக்கிறதில்ல. சாக்கடை ஓரம் நின்னு இருட்டுல டியூப் மாத்திப் பழகு. பஞ்சர் கடை மாரிமுத்துவைக் கூட்டிக்கிட்டுப் போக முடியாது. சைக்கிள்லருந்து இறங்குன கையோட வாரம் ஒரு தடவை கொஞ்ச தூரம் ஓடிப் பாரு. முதல் தடவை கால் ரெண்டும் வேற யாருதோன்னு தோணும், அப்புறம் பழகிரும்.

வயசாயிருச்சேன்னு கவலைப்படாத. ஜப்பான்ல ஹிரோமு இனாடான்னு ஒருத்தர், வேலையிலருந்து ஓய்வு வாங்குன பிறகு நீச்சல் கத்துக்கிட்டு, எழுபது வயசு வாக்குல இந்த ஆட்டத்துக்கு வந்தாரு. 2018-ல 85 வயசுல ஹவாய் முழு அயர்ன்மேனை 17 மணி நேரக் கெடுவுக்குள்ள முடிச்சாரு. மடோனா பூடர்னு ஒரு கன்னியாஸ்திரி 82 வயசுல முழு அயர்ன்மேனை முடிச்சவங்க. இதைப் படிச்சதுலருந்து நான் சாயங்காலம் கண்மாய்க் கரை வரைக்கும் கொஞ்சம் வெரசா நடக்கிறேன். உங்க அத்தை ஏன்னு கேட்டா, மாடு தேடிப் போறேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

உனக்கு இந்த வாரம் ஒரே ஒரு வேலைதான். ரப்பர் சட்டையை ஓஎல்எக்ஸ்ல போட்டு வித்துட்டு, அந்தக் காசை நீச்சல் வாத்தியார்கிட்டக் கட்டு. குளத்துல 400-ம் 200-ம் நீந்தி ரெண்டு நேரத்தையும் எனக்கு அனுப்பு. கழிச்சு அனுப்பாத, நானே கழிச்சுக்கிறேன். 200-ஐ மெதுவா நீந்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சிரும்.